சனி ஞாயிறு எங்கே போவது? இந்தோனேசியத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தோனேசியாவில் வேலை நிமித்தம் குடியிருக்கும் வாசகர்களிடம், ஓய்வு நாட்களில் அங்குள்ள கலை, பண்பாடு, ஊர்சுற்றல் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கேள்வி: கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிறு என்றால் மால், இல்லாவிட்டால் நம்மவர் யார் வீட்டிலாவது சாப்பாடும் அரட்டையும். இந்த நாட்டைப் பார்த்த மாதிரியே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகி, சிகாராங்

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஆரம்பம் அதுதான். சிகாராங்கிலிருந்து ஜகார்த்தா போக டோல் ரோட்டில் ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம், இந்த நிச்சயமில்லாத பயணத்துக்குப் பயந்தே நிறையக் குடும்பங்கள் பக்கத்து மாலோடு நின்றுவிடுகின்றன. உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்தே கேஆர்எல் மின்சார ரயில் இருக்கிறது. மங்கராயில் மாறினால் ஜகார்த்தா கோத்தா வரை போய்விடலாம். முதல் 25 கிலோமீட்டருக்கு 3,000 ரூபியா, அதற்கு மேல் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1,000 ரூபியா, கட்டணம் அவ்வளவுதான். வங்கிகள் விற்கும் மின்பண அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரயில், எம்ஆர்டி, டிரான்ஸ்ஜகார்த்தா பஸ் எல்லாவற்றிலும் செல்லும்.

முதல் ஞாயிறு மொனாஸ் என்ற தேசிய நினைவுத் தூணின் பக்கத்திலிருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வாசலில் நிற்கும் வெண்கல யானை, சயாம் மன்னர் சுலாலங்கார்ன் 1871-ல் வந்தபோது கொடுத்த பரிசு, அதனால் ஊர்க்காரர்களுக்கு இது யானை மியூசியம். 2023 செப்டம்பரில் ஒரு பகுதி தீப்பிடித்து, சீரமைத்து, 2024 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். உள்ளே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயலாதீர்கள். மேற்குச் சுமத்ராவிலிருந்து வந்த பைரவர் சிலை ஒன்று இருக்கிறது, நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மண்டை ஓடுகளின் மேல் நிற்கிறார், கையில் கத்தி. ஆதித்யவர்மன் என்ற அரசரின் உருவம் அது என்கிறார்கள். அந்தச் சிலை மண்ணில் பாதி புதைந்து கிடந்த காலத்தில், அது என்னவென்று தெரியாத கிராமத்து மக்கள் அதன் கல்லில் கத்தி தீட்டியிருக்கிறார்கள், பீடத்தில் நெல் குத்தியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பீடத்தைக் கவனித்துப் பாருங்கள். இப்படி ஒரு சிலை முன்னால் கால் மணி நேரம் நின்றாலே அந்த நாள் வீண் போகவில்லை.

இன்னொன்று, இந்தோனேசியன் ஹெரிடேஜ் சொசைட்டி என்று ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. 1970-ல் ஆரம்பித்தது, வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மியூசியத்தில் ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுவது, சொற்பொழிவு, சேர்ந்து படிக்கும் சிறு குழுக்கள், இதெல்லாம் உண்டு. உங்களைப் போல வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற படித்த பெண்களுக்கு இதைவிட நல்ல வாசல் ஜகார்த்தாவில் எனக்குத் தெரியவில்லை. சேர்ந்த கொஞ்ச நாளில் நீங்களே அடுத்தவருக்குச் சுற்றிக்காட்டும் நிலைக்கு வரலாம், அதற்கும் அவர்களே பயிற்சி தருகிறார்கள்.

அடுத்தடுத்த வாரங்களுக்குக் கோத்தா துவா என்ற பழைய நகரப் பகுதி, அங்கே 1710-ல் கட்டி முடித்த டச்சு நகரசபைக் கட்டடம் இப்போது ஜகார்த்தா வரலாற்று அருங்காட்சியகம். அதே சதுக்கத்தில் வயாங் என்ற நிழற்பாவைக் கூத்துக்கான மியூசியம். திங்கட்கிழமை இங்கே பெரும்பாலான மியூசியங்களுக்கு விடுமுறை, லீவு போட்டுப் போகிறவர்கள் அதை மட்டும் கவனிக்கவும்.

கேள்வி: பக்கத்து கிராமத்தில் கல்யாணத்துக்கு இரவு முழுக்க வயாங் வைத்திருக்கிறார்கள், அழைப்பு வந்திருக்கிறது. ஜாவானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. போனால் புரியுமா, போரடிக்குமா?
வாசகர், சோலோ அருகில்

கண்டிப்பாகப் போங்கள். சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து ஒரு மணி நேரம் சுருக்கிப் பார்ப்பதை, உங்களை வீட்டுக்கே கூப்பிட்டு முழுதாகக் காட்டுகிறார்கள்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வயாங்கில் பேசும் பழைய இலக்கிய ஜாவானியம் இன்றைய ஜாவானிய இளைஞர்களுக்கே முழுதாகப் புரியாது. கதையின் பெயரை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு பீமன் கதையா, கடோத்கஜன் கதையா என்று தெரிந்தால் போதும், பாதிக் கதாபாத்திரங்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஆனால் கதை நாம் கேட்டறியாத கிளைக்கதையாக இருக்கும், அதில்தான் சுவாரசியமே.

இரவு ஒன்பது மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை போகும். தலாங் என்ற ஒரே மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லாக் குரலும் பேசி, பாடி, பொம்மைகளை ஆட்டி, காமெலான் வாத்தியக்காரர்களுக்கு சைகையும் கொடுக்கிறார். இடது கையில் ஒரு சின்ன மரச் சுத்தி, அதனால் பொம்மைப் பெட்டியைத் தட்டுவார். வலது கால் பெட்டியில் தொங்கும் உலோகத் தகடுகளை உதைக்கும். சண்டைக் காட்சியில் அந்தக் காலை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். பொம்மை எருமைத் தோலில் செய்தது, பிடி எருமைக் கொம்பில். ஊசிமுனை அளவுக்குத் துளை துளையாகக் குத்தி, திரைக்கு அந்தப் பக்கம் நிழலில் தெரியவே தெரியாத தங்க வண்ணமெல்லாம் பூசியிருப்பார்கள். திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மை, விளக்கின் பக்கம் இழுத்தால் பெரிதாகி மங்கும், கோபமும் பறத்தலும் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. அர்ஜுனனுக்குக் குனிந்த பார்வை, நீண்டு மெலிந்த மூக்கு. ராட்சசர்களுக்கு உருண்டைக் கண். இது பிடிபட்டதும் மொழி தெரியாமலே யார் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

நிழல் விழும் பக்கம், தலாங் இருக்கும் பக்கம் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். இந்தக் காலத்தில் கூட்டம் தலாங் பக்கம்தான். ஆனால் நிழல் பக்கம் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்தது.

நள்ளிரவுக்கு அப்புறம் காரா காரா என்ற பகுதி வரும். அதில்தான் செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்ற நால்வர் வருகிறார்கள். வியாசர் பாரதத்தில் இல்லாதவர்கள், ஜாவாவின் சொந்தப் பிறப்புகள். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் போல ஊர் விஷயம், அரசியல், விலைவாசி எல்லாம் பேசுவார்கள். தூங்கினவர்களும் இதற்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர்களில் தொந்தியும் தொங்கும் மார்புமாக வரும் செமார் பார்க்க வேலைக்காரர், உண்மையில் தெய்வம், தேவர்களையே அதட்டுவார். ஒரு சமூகம் தன் மகா தெய்வத்தை வேலைக்காரனாக வைத்துக் கதை சொல்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நெகிழ்ந்துபோகும்.

நடுவில் தூங்கலாம், சாப்பிடலாம், வீட்டுக்குப் போய்விட்டு வரலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பாத்திக் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மொய்க்கவர் உண்டு. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள், முன்வரிசை நாற்காலி ஊர்ப் பெரியவர்களுக்கு. காமெலான் பக்கம் போனால் செருப்பைக் கழற்றுங்கள், வாத்தியத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், அது பெரிய மரியாதைக் குறைவு.

கேள்வி: அலுவலக நண்பர் ஒருவரிடம் "ராமாயணம், மகாபாரதம் எல்லாம் எங்களுடையது, எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்" என்று சொன்னேன். சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் முன்போலப் பேசுவதில்லை. இதில் என்ன தவறு?
வாசகர், சுராபாயா

தவறுதான். நீங்கள் பெருமையில் சொன்னீர்கள், அவருக்கு அது அவர் வீட்டுப் பொருளைத் திருட்டுப் பொருள் என்று சொன்ன மாதிரிக் கேட்டிருக்கும்.

கம்பர் வடமொழிக் கதையை எடுத்துத் தமிழ்க் காவியமாக்கினார். அதை யாராவது நம்மிடம் வந்து "எங்களிடமிருந்து எடுத்தது" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? ஜாவாவிலும் அதேதான் நடந்தது, ரொம்பக் காலத்துக்கு முன்பே நடந்தது. பாரதப் போரைப் பழைய ஜாவானிய மொழியில் 1157-ல் காவியமாகப் பாடியிருக்கிறார்கள், நம் வில்லிபுத்தூரார் பாரதம் பாடுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னால். பிரம்பானான் கோயில் சுவரில் ராமன் கதையைச் செதுக்கியது ஒன்பதாம் நூற்றாண்டில். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரு கதையைப் பாடி, ஆடி, செதுக்கி, பிள்ளைகளுக்குப் பெயராக வைத்தவர்களுக்கு அது சொந்தமில்லாமல் வேறு யாருக்குச் சொந்தம்?

எவ்வளவு மாற்றிக்கொண்டார்கள் என்று பாருங்கள். ஜாவா மரபில் திரௌபதிக்கு ஒரே கணவர், யுதிஷ்டிரர். சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி, வில்லெடுத்துப் போரிடும் பெண், அர்ஜுனனின் மனைவியரில் ஒருத்தி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தது பெண்கள் வில்வித்தை அணி, அந்த மூன்று பெண்களையும் நாடு ஸ்ரீகண்டிகள் என்றே கொண்டாடியது. மொனாஸ் அருகே சாலை நடுவில் குதிரைகள் பாயும் அர்ஜுனன் தேர், 1987-ல் வைத்தது. நாட்டின் சின்னமே கருடன். இத்தனைக்கும் உங்கள் நண்பர் ஐந்து வேளை தொழுகிற முஸ்லிமாக இருக்கலாம். அவருக்கு அதில் முரண் எதுவும் தெரியாது, நமக்கும் தெரிய வேண்டியதில்லை.

அவரிடம் திரும்பப் போங்கள். விளக்கம், மன்னிப்பு என்று பெரிதாக வேண்டாம், "எங்கள் ஊரில் சிகண்டி கதை இப்படி, உங்கள் பக்கம் எப்படி?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை ராத்திரி வயாங் பார்க்கக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜகார்த்தாவிலிருந்து இரண்டே நாளில் யோக்யகர்த்தா போய்வர முடியுமா? போரோபுதூர் பௌத்தத் தூபி மேல் ஏற விடுவதில்லை என்கிறார்களே?
வாசகர், தெற்கு ஜகார்த்தா

முடியும். வெள்ளி இரவு காம்பிர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் விடியற்காலை யோக்யாவில் இருப்பீர்கள். விமானத்தில் போனால் புதிய விமான நிலையம் ஊருக்கு வெகு தொலைவு, அங்கிருந்து மறுபடி ரயிலோ காரோ பிடித்து நகரத்துக்கு வர வேண்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போரோபுதூர் மேல் ஏற விடுகிறார்கள், ஆனால் நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு, முன்பதிவு, குழுவாக வழிகாட்டியோடு, கல் தேயாமல் இருக்க அவர்களே கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு. தரையிலிருந்து மட்டும் பார்க்கும் சீட்டு வேறு. ஏறும் சீட்டே வாங்குங்கள், ஏனென்றால் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் மேல் மாடங்களின் சுற்றுச்சுவரில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. உச்சிக்கு ஓடாமல், கப்பல் செதுக்கிய பலகையையாவது தேடிப் பாருங்கள்.

பிரம்பானானை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் தாழ்ந்து கல் சிவந்து தெரியும். நடுவில் இருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். உள்ளே போக அனுமதி இருக்கும் நாளாக இருந்தால் தெற்கு அறையைப் பார்க்காமல் வராதீர்கள், அங்கே நிற்பது அகத்தியர், தாடியும் தொந்தியுமாக. நம் பொதிகை முனிவர் ஜாவாவில் சிவனுக்கு அடுத்த அறையில் பூசை பெற்றிருக்கிறார். வடக்கு அறையின் துர்க்கையை ஊர்மக்கள் ரோரோ ஜொங்ராங், கல்லாகிப் போன இளவரசி என்பார்கள். ராமாயணச் சிற்பங்கள் சிவன் கோயிலில் வலம் வரும் வழியில் தொடங்கி பிரம்மா கோயிலில் முடிகின்றன. விஷ்ணு கோயிலில் கண்ணன் கதை.

இரவில் அதே வளாகத்தில் ராமாயண நடன நாடகம், 1961 முதல் நடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை மழையில்லாத மாதங்களில் திறந்தவெளி மேடை, பின்னால் வெளிச்சமிட்ட கோயில்கள். மற்ற மாதங்களில் உள்ளரங்கு. வசனமே கிடையாது, குழந்தைகளுக்கும் புரியும். அனுமன் லங்கையை எரிக்கும்போது மேடையில் நிஜமாகவே தீ வைப்பார்கள்.

ஞாயிறு காலை கிராத்தோன் அரண்மனை, அப்புறம் ரயில். உங்களிடம் கிட்டாஸ் என்ற தற்காலிகக் குடியிருப்பு அனுமதி இருந்தால் சீட்டு வாங்கும்போது காட்டுங்கள். வெளிநாட்டுப் பயணி கட்டணத்துக்கும் உள்ளூர்க் கட்டணத்துக்கும் பல மடங்கு வித்தியாசம், இங்கே குடியிருப்பவர்களுக்குப் பல இடங்களில் உள்ளூர்க் கட்டணமே போடுகிறார்கள்.

கேள்வி: ஊருக்குப் போகும்போது எல்லோருக்கும் பாத்திக் வாங்கிப் போகிறேன். கையால் செய்தது என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா?
வாசகி, தங்கெராங்

விலையைப் பாருங்கள், அதுவே முக்கால்வாசி சொல்லிவிடும். கையால் வரைந்த பாத்திக் துலிஸ் ஒரு துணிக்கு வாரக்கணக்கில், நுணுக்கமானதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதை ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கு யாராலும் தர முடியாது.

சாந்திங் என்ற சின்ன செம்புக் குப்பி, அதற்கு ஒரு மூக்கு, மூங்கில் பிடி. உருக்கிய மெழுகை அதில் மொண்டு துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் கொதிநீரில் மெழுகை எடுத்து, அடுத்த சாயத்துக்கு மறுபடி மெழுகு. துணியின் இரண்டு பக்கமும் மெழுகு போவதால் முன்னும் பின்னும் ஒரே அழுத்தமாக நிறம் இருக்கும். செம்பு அச்சால் மெழுகு வைத்தது பாத்திக் சாப், அதுவும் நல்ல பாத்திக்தான், அச்சு சேரும் இடங்களில் ஒரே உரு திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறியிருக்கிறதா, அது பெரும்பாலும் மெஷினில் அடித்த பிரிண்ட், மெழுகே பார்க்காதது. பரிசுக்கு பிரிண்ட் வாங்குவதில் ஒன்றும் குற்றமில்லை, பிரிண்ட் விலை கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கையால் வரைந்ததில் கோடு கொஞ்சம் ஆடும், புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. அந்தக் குறையைப் பார்த்து விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள், வரைந்த பெண்ணின் கை அங்கே தெரிகிறது.

கடையில் நின்று இதையெல்லாம் படிப்பதைவிட ஒரு நாள் நீங்களே சாந்திங் பிடித்துப் பாருங்கள். ஜகார்த்தாவில் தானா அபாங் பக்கமுள்ள ஜவுளி அருங்காட்சியகத்தில் சொல்லித்தருகிறார்கள், கைக்குட்டை அளவு துணியில் நீங்களே செய்து எடுத்துப் போகலாம். மெழுகு சூடு குறைந்தால் கோடு நிற்கும், கூடினால் ஓடிப் பரவும். ஒரே ஒரு இலை வரைந்து பார்த்தாலே ஒரு முழுத் துணியின் உழைப்பு புரிந்துவிடும். ரயிலில் போகத் தயார் என்றால் சிரெபோன் பக்கம் த்ருஸ்மி கிராமம், அங்கேதான் மேகக்கூட்டம் போன்ற மெகா மெண்டுங் உரு. கடற்கரை ஊரான பெக்கலோங்கானில் நிறங்கள் பளிச்சென்று இருக்கும், சோலோ, யோக்யாவில் பழுப்பும் கருநீலமும்.

பராங் என்ற சாய்ந்த அலை உரு முன்பு அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது. இன்று யாரும் அணியலாம், யோக்யா அரண்மனைக்குள் மட்டும் அதைத் தவிர்ப்பது மரியாதை. துவைப்பதற்கு டிடர்ஜென்ட் வேண்டாம், இங்கே லெராக் என்று விற்பது நம் பூந்திக்கொட்டை இனம்தான், பட்டுப்புடவைக்குப் பாட்டி போட்ட அதே முறை.

கேள்வி: நாங்கள் சைவம். முட்டைகூட இல்லை. வெளியே போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றே எங்கும் போவதில்லை.
வாசகி, பாண்டுங்

இதற்காக வீட்டில் உட்கார வேண்டாம். சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் இல்லாத ஊரே ஜாவாவில் கிடையாது. கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவை. சம்பலில் தெராசி என்ற இறால் விழுது, காய்கறிக் குழம்பு சாயுர் அசெமிலும் அது இருக்கும், காடோ காடோ என்ற காய்கறிக் கலவையின் கடலைக் குழம்பிலும் சில கடைகளில் சேர்ப்பார்கள், மேலே வைக்கும் அப்பளம் இறால் அப்பளமாக இருக்கும், அவித்த முட்டையும் வரும். காடோ காடோவைத் தெருக்கடையில் உங்கள் கண்ணெதிரே அரைப்பார்கள், அரைக்கும் முன்பே "தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா தெலூர்" என்று சொல்லிவிட்டால் இறால் விழுது, இறால், முட்டை மூன்றும் போடாமல் தருவார்கள். "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் கோழி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். யோக்யாவின் குடெக் பலாக்காயில் செய்தது என்று நம்பி வாங்காதீர்கள், பலாக்காய் உண்மைதான், கூடவே கோழியும் க்ரெசெக் என்ற மாட்டுத்தோலும் வரும். சீன பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் ஓரளவு பெரிய ஊர்களில் எல்லாம் உண்டு, பூண்டு வெங்காயம்கூட இல்லாமல் சமைப்பவை அதில் பல. கையில் புளிசாதம் கட்டிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: மேடானுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். ஜாவா போல இங்கே என்ன இருக்கிறது?
வாசகர், மேடான்

ஜாவாவைத் தேடாதீர்கள், சுமத்ராவிலுள்ள மேடான் வேறு உலகம், அதிலும் தமிழருக்கு. 1860-களில் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்கள் வந்தபோது தமிழ்த் தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்கள் குடியிருந்த இடம் இன்றைய கம்புங் மெட்ராஸ், அங்கே 1884-ல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். அங்குள்ள தமிழர் பலருக்கு இன்று இந்தோனேசிய மொழிதான் வீட்டு மொழி, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து "தமிழ் மறந்துவிட்டீர்களே" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். நூற்றைம்பது வருடமாக மாரியம்மனை விடாமல் வைத்திருக்கிறார்களே, அதைக் கேளுங்கள், தாத்தா கதை சொல்வார்கள். நகரத்தின் ஓரத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்கும் ஒரு கோயில் இருக்கிறது, 2005-ல் கட்டி முடித்தது, கோபுரம் போலவே அடுக்கடுக்காக எழும் கட்டடம், உள்ளூர் பாத்தாக் இனத்தார், சீனர், தமிழர் எல்லோரும் வருகிறார்கள்.

தொடர்பு தோட்டக் காலத்தோடு தொடங்கியதும் இல்லை. தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற கற்பூரத் துறைமுகத்தின் பக்கம், லோபு துவாவில் கிடைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது, 1088-ஆம் ஆண்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வைத்தது. மலைப்பகுதியில் வாழும் காரோ இன மக்களில் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகள் உண்டு, தென்னிந்தியத் தொடர்பின் எச்சம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெராஸ்தாகி மலைப் பக்கம் போனால் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்ப்பீர்கள்.

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் தோபா ஏரி. சுமார் 74,000 வருடங்களுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளம், நடுவே சமோசிர் தீவு. பராப்பாத்திலிருந்து படகு. தொமோக்கில் சிகாலே காலே என்ற ஆளுயர மரப்பொம்மை ஆடும், பிள்ளையில்லாமல் இறந்தவர்களின் ஈமச் சடங்கில் ஆடிய பொம்மை அது. ஞாயிறு காலை தீவில் இருந்தால் ஏதாவது ஒரு பாத்தாக் தேவாலயத்தின் வெளியே நின்றாவது பாட்டைக் கேளுங்கள், பயிற்சி பெற்ற பாடகர் குழு இல்லை, ஊர் ஜனம்தான், நாலு குரலில் பிரித்துப் பாடுவார்கள்.

கேள்வி: நான் பரதம் கற்றவள், டிபென்டன்ட் கிட்டாஸில் இருக்கிறேன். ஜாவா நடனம் கற்க ஆசை. எட்டு வயதுப் பையனுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.
வாசகி, ஜகார்த்தா

கற்பதற்குத் தடை இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஆடுவதோ வகுப்பு எடுப்பதோ உங்கள் அனுமதியில் வராது, அதில் மட்டும் எச்சரிக்கை. தாமான் மினி பூங்காவில் ஏறக்குறைய ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் அரங்கம் இருக்கிறது, பலவற்றில் வார இறுதியில் நடன வகுப்பு நடப்பதுண்டு, போய் நின்று பார்த்து, பிடித்த ஆசிரியரிடம் பேசுங்கள். பரதம் ஆடிய உடம்புக்கு அரைமண்டி பழக்கம் இருப்பதால் பாலி நடனம் சீக்கிரம் வரும், கண்ணும் அங்கே வேலை செய்யும். ஜாவா நடனம் நேர் எதிர். பார்வை தாழ்ந்தே இருக்கும், முகத்தில் எதுவும் காட்டக் கூடாது, இடுப்புத் துணியின் நுனியை விரலால் எடுத்து விடுவதற்கே மாதங்கள் போகும். பல வருடம் அபிநயம் பழகிய முகத்தை அடக்குவது உங்களுக்குச் சிரமமாக இருக்கும், அதற்காகவே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். சனிக்கிழமை இரவு செனென் பக்கம் பாரதா அரங்கில் வயாங் ஓராங், அதாவது மனிதர்களே நடிக்கும் வயாங் நடக்கும், முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

பையனை பாண்டுங் கூட்டிப் போங்கள். 2023 முதல் ஓடும் ஊஷ் அதிவேக ரயிலில் ஹலிமிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் பாடலாராங், அங்கிருந்து இணைப்பு ரயிலில் நகரம். சாவுங் அங்க்லுங் உஜோவில் 1966 முதல் மூங்கில் இசை சொல்லித்தருகிறார்கள். பிற்பகல் நிகழ்ச்சியில் வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அங்க்லுங் கொடுப்பார்கள், ஒரு அங்க்லுங்குக்கு ஒரே ஸ்வரம், உங்கள் ஸ்வரம் வரும்போது மட்டும் ஆட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத நூறு பேர் சேர்ந்து ஒரு பாட்டையே வாசித்து முடித்திருப்பார்கள். எட்டு வயதுக்கு இதைவிட நல்ல இசைப் பாடம் இல்லை.

கேள்வி: பாலிக்குக் குடும்பத்தோடு போகிறோம். கடற்கரை தவிர?
வாசகர், பாத்தாம்

வெளிநாட்டுப் பயணிகளுக்கான 150,000 ரூபியா வரி 2024 பிப்ரவரி முதல் உண்டு, கிட்டாஸ் இருப்பவர்களுக்கு விலக்கு, அதற்கும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கோயிலுக்குள் இடுப்பில் துணியும் அதன்மேல் கச்சையும் கட்டாயம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று பலகையே வைத்திருப்பார்கள். ஜூன், ஜூலையில் போனால் தென்பசாரில் பாலி கலை விழா, 1979 முதல் நடக்கிறது, கிராமத்துக் குழுக்கள் வந்து ஆடுவார்கள், ஹோட்டல் நிகழ்ச்சியோடு ஒப்பிடவே முடியாது. உலுவத்து கோயிலில் மாலை கெசாக் நடனம் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியைப் பையில் வையுங்கள், குரங்கு பிடுங்கிக்கொள்ளும். மார்ச் வாக்கில் வரும் நியெப்பி என்ற பாலிப் புத்தாண்டு அன்று தீவு முழுக்க 24 மணி நேரம் அமைதி, விமான நிலையமும் மூடல், அறையை விட்டு வெளியே வர முடியாது. அதற்கு முந்தைய மாலை ஓகோ ஓகோ என்ற பூத பொம்மைகளின் ஊர்வலம் பார்ப்பதற்காகவே நான் அந்த ஒரு நாள் அடைபடலை சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

கேள்வி: லெபாரான் (ரம்ஜான் பெருநாள்) விடுமுறைக்கு எங்கே போகலாம்?
வாசகர், பெக்காசி

எங்கும் போக வேண்டாம். அந்த வாரம் பாதி ஜாவா சொந்த ஊருக்குப் பயணம் போகிறது, ரயில் டிக்கெட் கிடைக்காது, டோல் ரோட்டில் நாள் முழுக்க நிற்பீர்கள். ஜகார்த்தாவோ காலியாக இருக்கும். பெருநாள் அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இருந்தால் போய்க் கைகொடுத்து வாழ்த்துங்கள், கெத்துபாட் என்ற ஓலையில் வேகவைத்த சோறு சாப்பிடக் கூப்பிடுவார்கள். மறுநாள் கேஆர்எல் ஏறி போகோர் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம், 1817-ல் தொடங்கியது, கிட்டத்தட்ட 87 ஹெக்டேர். உள்ளூர்க் குடும்பங்களும் பாயோடு வருவார்கள், காலையிலேயே போய் நிழலான மரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். போகோரில் மதியத்துக்கு மேல் மழை எந்த மாதமும் வரும், குடை எடுத்துப் போங்கள்.